பாறைக்குப் பின்னால் போடாத வட்டம்

எலிஃபண்ட் பியூட் ஏரியில் முப்பது வருடம் பாய்மரப் படகு ஓட்டியவள் ரமோனா டஃபோயா. நியூ மெக்சிகோ வெயில் அவள் தோலைச் சுட்டதே தவிர வாயை அடக்கவில்லை. படகுச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்குப் பந்தய வரலாற்றை எழுதும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள்.

ஏரி நிரம்பிய வருடம், வற்றிய வருடம், படகை இறக்கத் தண்ணீரில்லாமல் எல்லோரும் கரையில் உட்கார்ந்து பீர் குடித்த வருடம் என்று மளமளவென எழுதினாள். 1998 வந்ததும் கை நின்றது. அந்த வருடக் கோப்பை அவளுடையது.

அன்று கடைசித் திருப்பத்தில், பாறைத் தீவுக்குப் பின்னால், அவள் படகு திருப்பத்தைக் காட்டும் மிதவையில் உரசிவிட்டது. உரசினால் படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பார்க்க நடுவர் கிடையாது. தப்புச் செய்தவரே தண்டனையும் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். ரமோனா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த படகுகளைப் பாறை மறைத்தது. சுற்றாமல் போய்விட்டாள்.

இரண்டாவதாக வந்த வெண்டல் ஹாஸ்கியூ அடுத்த மாதமே படகை விற்றார். “பொம்பளைகிட்ட தோத்தது பொறுக்கல மனுஷனுக்கு!” என்று ஒவ்வொரு ஆண்டு விருந்திலும் எழுந்து நின்று சொல்லிச் சிரிக்கவைத்தவள் ரமோனாதான். மலருக்கும் அதையே எழுதிவைத்திருந்தாள். இருந்தாலும் பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனாள்.

வெண்டல் அடுப்பில் பச்சை மிளகாய் ஸ்டூவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“படகை ஏன் வித்தீங்க? மலர்ல போடணும்.”

“அதான் வருஷா வருஷம் நீ சொல்றியேம்மா. அதையே போட்டுடு.”

“அது விளையாட்டுக்கு. நிஜத்தச் சொல்லுங்க.”

அவர் தீயைக் குறைத்தார். “அந்த வருஷம் ஏரி தளும்பி நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? பாறைக்குப் பின்னாடி காஞ்சு கெடக்குமே ஓடை, அதுலகூட தண்ணி. நான் அந்த வழியாத்தான் மிதவைக்கு வந்தேன். நீ உரசினதப் பாத்தேன்.”

ஏரி எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொண்ட ரமோனா, ஓடை காய்ந்துதான் கிடக்கும் என்ற நினைப்பில் பாறையை மறைவென்று நம்பியிருக்கிறாள்.

“புகார்க் கொடிய கையில எடுத்துட்டேன். இப்ப சுத்துவா, இப்ப சுத்துவான்னு கரை வரைக்கும் பாத்துட்டே வந்தேன்.”

“ஏன் தூக்கல?”

“நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன். நீ சொல்லல. பந்தயமே வெறுத்துப்போச்சு. அப்புறமும் விருந்துல நீ எழுந்து நிக்கிறப்பல்லாம், இன்னிக்குச் சொல்லிடுவான்னு நெனப்பேன்.”

ரமோனாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. கோப்பையைவிட அந்தச் சிரிப்புகள்தான் அவளை அதிகம் கூசவைத்தன. வீட்டுக்கு வந்து 1998-க்கு நேரே வெண்டலின் பெயரை எழுதினாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

ஐம்பதாம் ஆண்டு விருந்தில் அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறப்பதற்கு முன்பே நாலைந்து பேர் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“பாறைக்குப் பின்னாடி நான் மிதவையில உரசினேன். சுத்தாம வந்துட்டேன். கோப்பை வெண்டலோடது.”

கூடமே வெடித்துச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவர், “இந்த வருஷம் புது ஜோக்கு!” என்றார்.

வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. ரமோனா உட்காரவும் இல்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.