எட்டுக் கட்டக் காலண்டர்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. குடிநீர் நிலையத்தில் மேலதிகாரி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவன் 'எட்டு'தான்.

அந்த நிலையத்தில் ஆறு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு. ஊர் முழுக்க ஏழு நாளில் ஒரு சுற்று சுற்றினால் இவர்கள் எட்டு நாளில் சுற்றுவார்கள். இந்த வாரம் செவ்வாயன்று விடுப்பு என்றால் அடுத்த சுற்றில் புதன், அதற்கடுத்து வியாழன். சுவரில் தொங்கும் காலண்டரை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். பம்பு மெக்கானிக்கான அவனுக்குக் குழப்பம் என்றால் ஆகவே ஆகாது. கல்யாணமான வருடமே பெரிய வரைபடத் தாள் ஒன்றை எடுத்து, ஸ்கேல் பிடித்து, வரிக்கு எட்டுக் கட்டமாக ஒரு காலண்டர் போட்டுவிட்டான். கடைசி இரண்டு கட்டம் எப்போதும் விடுப்பு. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துப் பெயரும் வைத்தார்கள். அப்புறம் அதே ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு நகல் வாங்கிப் போனார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம்.

அவன் மனைவிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. கட்டுப்பாட்டு அறையில், எந்த மோட்டார் ஓடுகிறது, எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. இருவருக்கும் ஒரே சுற்று. அதனால் அந்த வீடே எட்டுக் கட்டத்தில்தான் ஓடியது. ஒன்பது வயது மகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"எல்லார் வீட்லயும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நம்ம வீட்ல மட்டும் அஞ்சாம் கட்டம்" என்பாள்.

ஆறேழு மாதங்களுக்கு முன் மனைவி கருத்தடை மாத்திரைக்கு மாறினாள். அதற்கு முன்பு ஆணுறை. அதை வாங்கக் கடைக்குப் போனால் எட்டு முதலில் இருமல் மருந்து கேட்பான், பிறகு பற்பசை கேட்பான், கடையில் ஆள் குறையும்வரை நின்றுகொண்டே இருப்பான். பாதி நாள் இருமல் மருந்தோடு மட்டும் திரும்பி வருவான். வீட்டில் யாருக்கும் இருமல் கிடையாது. கடைசியில் அவள்தான், "போதும், நான் மாத்திரை சாப்பிடறேன்" என்றாள்.

மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவில் இருந்த நர்ஸ் பொறுமையாக விளக்கினார். ஒரு அட்டையில் இருபத்தொரு மாத்திரை. தினம் ஒன்று. முடிந்ததும் ஏழு நாள் இடைவெளி, அதற்குள் மாதவிடாய் வரும், பிறகு புது அட்டை. மேஜைக் காலண்டரைத் திருப்பிப் பேனாவால் ஒரு கோடும் இழுத்துக் காட்டினார். "கடைசி மாத்திரை போட்ட கட்டம் இது. அதுக்கு நேர் கீழ இருக்கற கட்டத்தோட இடைவெளி முடிஞ்சுது. மறுநாள் புது அட்டை. அவ்வளவுதான்."

அந்தக் கோடு எட்டின் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. இவ்வளவு சுலபமா? வீட்டுக்கு வந்ததும், "முழுங்குறது நீ, கணக்கு வெச்சுக்கறது நான்" என்று அறிவித்தான். முழுப் பாரமும் அவள் தலையிலேயே விழக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, காலண்டரில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டான். ஒரு நாள் தவறவில்லை. தன்னைப் போல ஒரு கணவன் சுற்று வட்டாரத்தில் கிடையாது என்று அவனுக்கே கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

ஆறாவது அட்டை முடிந்தது. இடைவெளியும் முடிந்தது. மாதவிடாய் வரவில்லை.

"நாளைக்கு வந்துடும்" என்றான் எட்டு. மறுநாளும் அதையே சொன்னான். புது அட்டையைத் தொட அவளுக்குப் பயம். டாக்டரைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று இவன் இழுத்தான். படுக்கையில் அவன் ஒரு கோடி, அவள் ஒரு கோடி, நடுவே மகள் வந்து படுத்துக்கொண்டாள். இப்படியே மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டது.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடம் காத்திருந்து, இரண்டு தேர்வு எழுதி, ஷிப்டுப் பொறுப்பாளர் பயிற்சிக்கு அவளைத் தேர்வு செய்திருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி ஆரம்பம், ஒரு வருடப் பயிற்சி. அதில் பாதி குளோரின் அறையில். கர்ப்பிணிகள் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை விட்டால் இன்னும் நாலைந்து வருடம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. தேர்வான கடிதத்தை அவள் எடுத்துப் படிப்பாள், மடித்து வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

எட்டுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒரு டிக்கூடத் தப்பவில்லையே, பின் எப்படி? யோசித்து யோசித்துக் கடைசியில் மாத்திரைமேல்தான் தப்பு என்ற முடிவுக்கு வந்தான். மோட்டார் எரிந்து போனால் எழுதுவது போல ஒரு பழுது அறிக்கையே எழுதினான். பயன்படுத்திய முறை சரி, பராமரிப்பு சரி, ஆகவே சரக்கில் கோளாறு. அதோடு அந்த எட்டுக் கட்டக் காலண்டரையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியோடு மருத்துவமனைக்குப் போனான்.

அதே நர்ஸ்தான் இருந்தார். முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அவளை அனுப்பினார். திரும்பி வந்ததும் கேட்டார்: "கடைசியா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது எப்போ?"

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு அவள்தான், "மூணு வாரத்துக்கு மேல ஆச்சு சிஸ்டர்" என்றாள்.

"நல்லது. அப்போ இன்னிக்கு வர்ற முடிவை நம்பலாம்."

எட்டு இதற்காகவே காத்திருந்தவன் போல மேஜைமேல் காலண்டரை விரித்தான். "சிஸ்டர், நீங்களே பாருங்க. ஆறு அட்டை, நூத்தி இருபத்தாறு மாத்திரை, நூத்தி இருபத்தாறு டிக். எங்க பக்கம் ஒரு தப்பும் கிடையாது. மாத்திரைதான் போலி."

நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவர் பேனா டிக்குகளின்மேல் போகவில்லை. டிக் இல்லாத கட்டங்களுக்கு வந்து நின்றது. "இடைவெளியை எப்படி எண்ணினீங்க?"

"நீங்க காட்டின மாதிரிதான். கடைசி மாத்திரை இங்க. நேர் கீழ கட்டம் இது. மறுநாள் புது அட்டை."

நர்ஸ் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார். ஒன்று, இரண்டு... ஏழு, எட்டு. அடுத்த இடைவெளிக்குப் போனார். அங்கேயும் எட்டு. அட்டைகளுக்கு நடுவே இருந்த ஐந்து இடைவெளியும் எட்டு.

"எட்டு நாள் விட்டிருக்கீங்க சார். ஒவ்வொரு தடவையும்."

"ஒரு வரிக்கு எட்டுக் கட்டம்தானே சிஸ்டர் இருக்கும்?" என்றான் அவன். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

நர்ஸ் அவனைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நடுவுல மாத்திரையை மறக்கறதைவிட, இடைவெளி நீண்டு போறதுதான் ஆபத்து. ஒரு நாள் கூடினாலும் பாதுகாப்பு குறையும். நானும் வாயால ஏழுன்னு சொல்லிட்டுக் கையால கோட்டைக் காட்டிட்டேன். இப்படி ஒரு காலண்டர் உலகத்துல இருக்கும்னு நான் கண்டேனா?" என்றார்.

அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை. காலண்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் தினம் இதைத்தான் பார்த்தேன். எனக்கும் தோணலையே" என்று மெதுவாகச் சொன்னாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆறு வருடக் காத்திருப்பை ஒரு பச்சைப் பேனாவால் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தான்.

பரிசோதனைச் சீட்டு வந்தது. கர்ப்பம் இல்லை.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு அந்தச் சீட்டை நான்கு முறை படித்தான். "அப்போ மாதவிடாய் ஏன் வரலை?" என்றான். மாத்திரை சாப்பிடும்போது சில சமயம் வராமலும் போகலாம், ஷிப்டு வேலை, கவலை இவையும் காரணமாக இருக்கலாம், தொடர்ந்து வராவிட்டால் டாக்டர் பார்ப்பார் என்றார் நர்ஸ். வராவிட்டாலும் கர்ப்பம் என்று உறுதியில்லையா? எட்டுக்குத் தலை சுற்றியது. பம்பென்றால் ஓடும், இல்லையென்றால் ஓடாது.

"இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டு, நர்ஸ் இழுப்பறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஆணுறை. மாத்திரை அட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. கைத்தோலுக்கு அடியில் வைக்கும் தீக்குச்சி அளவுக் குச்சி. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. நிரந்தரமாக வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை, பெண்ணுக்கும் உண்டு, ஆணுக்கும் உண்டு.

"இதுல எது நம்பர் ஒண்ணு சிஸ்டர்?"

"அப்படிக் கேட்டா எப்படிச் சொல்றது? நூறு ஜோடி ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டா, அச்சுப் பிசகாம சாப்பிடறவங்கள்ல ஒருத்தருக்குக்கூடக் கர்ப்பம் ஆகாது. சாதாரண மனுஷங்க சாப்பிடற மாதிரி சாப்பிட்டா ஏழு பேருக்கு ஆகலாம். ஆணுறையில பதிமூணு பேருக்கு. ஆனா நோய்த் தொற்றைத் தடுக்கறது அது ஒண்ணுதான்."

"ஒரே மாத்திரைக்கு எப்படி ரெண்டு நம்பர்?"

"மாத்திரைக்கு ஒரு நம்பர், மனுஷங்களுக்கு ஒரு நம்பர்னு வெச்சுக்குங்க."

"எங்களுக்கு எது?"

நர்ஸ் காலண்டரைப் பார்த்தார்.

ஊசி நல்லதென்றால், நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம். குச்சி மூன்று வருடத்துக்குக் கவலையில்லை என்றால், மாதவிடாய் தாறுமாறாகலாம். காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது, பத்து வருடம்கூடத் தாங்கும், ஆனால் முதல் சில மாதம் வலியும் உதிரப்போக்கும் கூடலாம். ஒன்றைக் கேட்டதும் அதுதான் சரியென்று தோன்றும், அடுத்த வாக்கியத்திலேயே அது கவிழ்ந்துவிடும். எட்டு ஒரு தாளை வாங்கிக் கட்டம் போட ஆரம்பித்தான். மனைவி அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கட்டம் வேண்டாம்ங்க. தயவு செஞ்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. சட்டென்று எழுந்து நின்றான். "சிஸ்டர், எனக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க. இன்னிக்கே. தப்புப் பண்ணினது நான். அவ எதுக்கு வலி தாங்கணும்? எங்களுக்குத்தான் இன்னொரு குழந்தை வேண்டாமே, ஒரேடியா முடிச்சுடலாம்."

உண்மையிலேயே துணிந்துதான் சொன்னான். தான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டது போலவும் இருந்தது. மனைவி நெகிழ்ந்து போவாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் நெகிழவில்லை. "இன்னொரு குழந்தை வேண்டாம்னு யார் சொன்னது?" என்றாள்.

"நீதானே சொன்னே!"

"இப்போ வேண்டாம்னுதான் சொன்னேன்."

எட்டு விழித்தான். இத்தனை மாதமாக அவர்கள் பேசியதெல்லாம் எதைப் போடுவது, எப்போது போடுவது, எத்தனை போடுவது என்பதுதான். எதுவரைக்கும் என்று ஒரு பேச்சு வந்ததாக அவனுக்கு நினைவே இல்லை.

"கேட்டுக்குங்க சார்" என்றார் நர்ஸ். "ஆணுக்குப் பண்றது சின்ன ஆபரேஷன்தான், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். நல்ல முறைதான், நான் வேண்டாம்னே சொல்ல மாட்டேன். ஆனா திரும்ப மாத்திக்கலாம்னு நம்பிப் பண்ணக் கூடாது. பதறிப் போய் எடுக்கற முடிவுக்கு நான் சீட்டு எழுத மாட்டேன். யோசிச்சுட்டு வாங்க."

மனைவி மேஜையிலிருந்து காப்பர் டியின் மாதிரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதை நினைச்சப்போ எடுத்துடலாமா சிஸ்டர்?"

"எப்ப வேணும்னாலும். எடுத்த உடனேயே கரு தங்கலாம்."

"யாரும் எதையும் எண்ண வேண்டாமே?"

"வேண்டாம்."

"அப்போ இதுவே போதும். இன்னிக்கே வெச்சுடுங்க."

நர்ஸ் டாக்டரிடம் சொல்லிவிட்டு வர உள்ளே போனார். எட்டு காலண்டரைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். இத்தனை நாளும் இந்த விஷயத்தில் தனக்கென்று ஒரு வேலை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. கோபப்படவும் முடியவில்லை, நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

"உனக்கு... இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்டான்.

"தெரியலைங்க. நிஜமாவே தெரியலை. பயிற்சி முடியட்டும். அப்போ வேணும்னு தோணலாம், தோணாமலும் போகலாம்."

"அப்போ நான் என்னதான் பண்றது? எண்ணவும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம்னா?"

"இப்போ கேட்டீங்களே, அதே மாதிரி அப்பப்போ கேளுங்க. அது போதும்." நர்ஸ் கதவருகே வந்து கூப்பிட்டார். அவள் கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டிருக்கீங்க."

கதவு சாத்திக்கொண்டது. அப்படியெல்லாம் இருக்காது, நிச்சயம் எப்போதாவது கேட்டிருப்பேன் என்று அவனுக்குள் ஒரு வீம்பு எழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பின்னோக்கித் தேடிப் பார்த்தான். கல்யாணமான மூன்றாம் மாதமே, குழந்தை எப்போது என்று அவன் அம்மா அவளிடம் கேட்டாள். மாமனார் கேட்டார், அத்தை கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். மகள் பிறந்த பிறகு அடுத்தது எப்போது என்று வேலையிடத்தில்கூடக் கேட்டார்கள். அவன் மட்டும்தான் கேட்கவில்லை.