பூங்கொடி கொடுத்த அடைக்கோழி

ராயக்கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, தக்காளித் தோட்டத்து வீட்டில் பூங்கொடி பதினான்கு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்தாள். சிறுவிடை என்பது ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத நாட்டுக்கோழி. ஊரில் மற்ற வீடுகளில் கலப்பு ஏறிவிட்டது. கலக்காதது இவளிடம் மட்டும்தான். இதில் அவளைவிட அக்கா முனிலட்சுமிக்குத்தான் பெருமை. படித்தது ஏழாவது என்றாலும், எந்தக் கோழி என்றைக்கு முட்டையிட்டது என்று காலண்டரில் குறிப்பது அவள்தான்.

2006 மாசியில் பக்கத்துத் தோட்டத்துக் கங்கப்பன் பெங்களூரிலிருந்து ஒரு கலப்புச் சேவல் கொண்டுவந்தார். நாலு கிலோ. அது நடந்து வந்தால் ஊர்த்தலைவர் வருகிற மாதிரி இருக்கும். நினைத்த நாளில் வேலிச் சந்தில் நுழைந்து, பூங்கொடியின் சேவலைத் துரத்திவிட்டு, கோழிகளை மிதித்துவிட்டுப் போகும்.

அது ஒருமுறை மிதித்தால் மூன்று வாரத்துக்கு அந்த முட்டையை நம்பி அடை வைக்க முடியாது, குஞ்சு கலப்பாகிவிடும். முனிலட்சுமி காலண்டரில் நாள் எண்ணி வருவாள். பதினொன்றாம் நாள் சேவல் வரும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். கோழிகளை அடைத்தும் பார்த்தார்கள். ஒன்றையொன்று கொத்திக்கொண்டு முட்டையையே நிறுத்திவிட்டன. சின்னச் சேவலுக்கோ வயது ஐந்து. இந்த வருஷம் அதற்குக் குஞ்சு இறங்காவிட்டால் அந்த இனம் அத்தோடு சரி.

"கங்கப்பண்ணா, சேவலைக் கட்டி வைங்க."

"ஏம்மா, உன் கோழிங்களைப் பெருசாக்கத்தானே வருது. கூலியா கேட்டேன்?"

பங்குனியில் அவரே வந்து நின்றார். அவருடைய பெரிய கோழிகள் முட்டையிடும்; அடை உட்காராது.

"ஒரு அடைக்கோழி குடு பூங்கொடி. வழக்கம்போல, பொரியறதுல பாதி உனக்கு."

பூங்கொடி யோசிப்பதுபோல் நின்றாள். "பாதி வேணாம்ணா, எல்லாமே உங்களுக்கு. ஆனா குஞ்சு இறங்கினா தாயைக் கூடை போட்டுக் கவுக்கக் கூடாது. வாசல்ல குஞ்சோட மேயணும்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று கரும்பொறிக் கோழியைத் தூக்கிக் கொடுத்தாள். போன வருஷம் குஞ்சோடு இருந்தபோது, நாயைக் கிணற்று மேடு வரை விரட்டிய கோழி.

"ஏண்டி, இருக்கறதுலயே பொல்லாததைக் குடுக்கறே?" என்று அக்கா காதோடு கேட்டாள்.

"அதனாலதாங்க்கா."

முனிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்கப்பன் வாசலில் தாய்க்கோழி குஞ்சோடு திரிந்து நாலு வருஷமாகிறது. குஞ்சோடு இருக்கிற தாய் எப்படிச் சீறும் என்பதை மனிதர் மறந்தே போயிருந்தார்.

இருபத்தொன்றாம் நாள் பத்துக் குஞ்சுகள் இறங்கின. மறுநாள் பெரிய சேவல், பெற்ற பிள்ளைகளைப் பார்க்க வருகிற தோரணையில் பக்கத்தில் போயிற்று.

"அய்யோ தேவரே!" என்று கங்கப்பன் குரல் கேட்டது.

ஒன்றேகால் கிலோக் கோழி சேவலின் முதுகிலேறிக் கொண்டையைக் கொத்திக்கொண்டிருந்தது. சேவல் ஓடிப்போய் மொபெட்டுக்கு அடியில் தலையை நுழைத்தது. வால் மட்டும் வெளியே.

"இது கோழியா ரவுடியா? நீயே எடுத்துக்கோம்மா!"

"எடுத்துக்கறேண்ணா. பத்துக் குஞ்சையும் யாரு அணைச்சுப் படுக்கறது, நீங்களா?"

மூன்றாம் நாள் கங்கப்பன் ஓசூருக்குப் போய்க் கம்பிவலை வாங்கி வந்து, தன் சேவலைக் காப்பாற்றக் கூண்டு கட்டினார். பூங்கொடி வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். "இன்னும் இறுக்கிக் கட்டுங்கண்ணா. கோழி உள்ளே பூந்துடும்."

முனிலட்சுமி காலண்டரில் ஒன்று போட்டாள். இந்த முறை இருபத்தொன்றைத் தொட்டது. அதற்குப் பிறகு விழுந்த பதினொரு முட்டைகளில், ஆனியில் ஒன்பது சிறுவிடைக் குஞ்சுகள் இறங்கின. பார்க்க வந்த கங்கப்பன் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"பெட்டை ஒண்ணு எனக்கும் வேணும்மா. அந்த ரவுடி வம்சத்துல."

"தர்றேண்ணா. உங்க சேவல்?"

"அது எங்கேம்மா வருது! கூண்டைத் திறந்து வெச்சாலும், அந்தக் கோழி எங்கே நிக்குதுன்னு எட்டிப் பார்த்துட்டு உள்ளேயே உட்கார்ந்துக்குது."