ஏரி அழியுது

பாடாலூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஓட்டலில், மேசைக்கு மேலே மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடை ஒன்றைத் தொங்கவிட்டு அதற்குள் பல்பு போட்டிருந்தார்கள். கேட்டால் அழகுக்காம். மூங்கில் குச்சிகளின் நிழல் இலைமேல் வரிவரியாக விழுந்ததும் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டேன்.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோடையில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், பெரியப்பா கரைமேல் நின்று, "ஏரி அழியுது, எறங்குங்க" என்று துண்டை வீசுவார். இனி யார் வேண்டுமானாலும் மீன் பிடிக்கலாம் என்பதற்கு எங்களிடம் அதுதான் பேச்சு. அதற்காகவே விடியலிலிருந்து காத்துக்கிடந்த சனம், அடியில்லாத அந்தக் கூடைகளோடு சேற்றில் இறங்கி, சதக் சதக்கென்று அமுக்கிக்கொண்டே போய், உள்ளே விரால் முட்டுகிற அதிர்வு விரலில் ஏறியதும் மேல்வாய் வழியே கையைவிட்டுத் துழாவும். வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்து வைத்திருந்து, "இந்தா, அவங்க வூட்ல குடுத்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்புவாள். பொழுது சாய்ந்தால் தெரு முழுக்க ஒரே குழம்பு வாசம், எல்லார் தலைமுடியிலும் ஒரே சேற்று வாசம்.

போன வருஷம் நான் சென்னையில் இருந்தபோது அண்ணன் போன் பண்ணினான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கரையோடு மூடிவிட்டார்கள் என்று அவன் விவரமாகச் சொல்லவில்லை. "ஏரி அழிஞ்சிருச்சு பாப்பா" என்றான், அவ்வளவுதான்.

நான் சந்தோஷமாக, "எனக்கு விரால் எடுத்து வச்சிருக்கியா" என்று கேட்டேன்.