மாவு படாத துடுப்பு

எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ, பெரிய பானையில் மக்காச்சோள மாவைக் கொட்டி என்சிமா களி கிண்டுவது எலுபி அக்காதான். ஆள் உயரத் துடுப்பு ஒன்று வைத்திருந்தாள். ஷிரே ஆறு பெருகி வீடு போனபோது முதலில் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம், புருஷனை அப்புறம்தான் தேடினாளாம். ஊரில் இப்படிக் கேலி செய்வார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாளைக்குக் கொடுக்கும் மாத்திரையை அவள் ஒருபோதும் முழுதாக விழுங்கியதில்லை. காய்ச்சல் தணிந்ததும் மீதியைத் தேயிலை டப்பாவில் போட்டுவிடுவாள். யாருக்கு வயிறு கெட்டாலும் இரண்டு எடுத்துக் கொடுப்பாள். எங்கள் ஊரில் உப்பு இல்லை என்று சொல்லலாம், மருந்து இல்லை என்று சொன்னால் கஞ்சத்தனம் என்று பெயர் வந்துவிடும். அந்த டப்பாவுக்காக அதிகம் வந்தவள் பக்கத்து வீட்டு டோரிகா.

போன வருஷம் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஆங்கிலமும் எங்கள் சிச்சேவா மொழியும் தெரியும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்ல என்னை வைத்துக்கொண்டார்கள். நோயில்லாதவர்களின் மலத்தை வாங்கிச் சோதித்தார்கள். முடிவைக் கதவைச் சாத்தித் தனித்தனியாகச் சொன்னோம். ஒருவருடையதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"உங்க குடல்ல ஒரு கிருமி இருக்குக்கா. மருந்துக்குச் சாகாது. இப்ப ஒண்ணும் பண்ணாது, எப்பவும் போல சமைக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. மாத்திரையை மட்டும் பாதியில விடாதீங்க, பங்கு போடாதீங்க," என்று மாற்றிச் சொன்னேன்.

"மருந்துக்கே சாகாதா? என் மாமியா மாதிரி!" என்று சிரித்தாள் எலுபி அக்கா.

அன்றே அடிபம்பில் நின்ற எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் தங்கள் முடிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க," என்றாள் டோரிகா. அவளுக்கும் அதே கிருமி இருக்கிறது என்று நான் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் டோரிகாவின் மகளுக்குக் கல்யாணம். எலுபி அக்கா துடுப்போடு வந்தாள்.

"நீ உக்காருக்கா. இன்னிக்கு ஓய்வெடு," என்று மறித்தாள் டோரிகா.

"எதுக்குடி? உன் கல்யாணத்துக்கும் நான்தான் கிண்டினேன்."

"ஊர்ல பேசறாங்க. பிள்ளைங்க சாப்பிடற இடம்."

"உன் பிள்ளைக்கு வயித்தால போனப்ப என் டப்பாவிலதானே வாங்கிட்டுப் போனே? அப்ப என் கை நல்லாருந்துச்சா?"

டோரிகா வேறொரு துடுப்பை எடுத்துத் தானே கிண்டப் போனாள்.

எலுபி அக்கா என்னிடம் வந்தாள். "நீ சொல்லு பெஸ்டினா. உனக்குத்தான் எல்லார் வயிறும் தெரியுமே. எனக்கு மட்டும்தானா?"

"அதை நான் சொல்லக்கூடாதுக்கா."

பேர் சொல்லாமல், பாதி ஊருக்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது வாக்குத் தவறாகாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் டோரிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும் களியை டோரிகா என் முன்னால் வைத்தாள். நான் ஒரு கவளம் உருட்டினேன். எலுபி அக்கா என் கையையே பார்த்தாள்.

"சாப்பிடும்மா. அவ கை சுத்தம்," என்றாள்.

மாவு படாத துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்தாள். நான் தட்டைக் காலி செய்தேன்.