கூரை அறுத்த கார்

நன்றாக இருந்த காரின் கூரையை என் வீட்டுக்காரர் ரம்பத்தால் அறுத்தபோது, அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. காவலூருக்கு மேலே எங்கள் வீடு. அவர் ஒடுகத்தூரில் லாரி மெக்கானிக். யாரோ ஒதுக்கிப் போட்ட இரண்டு கதவுக் காரை வாங்கி மலைக்குக் கொண்டுவந்து, ரேஸ் காராக மாற்றப் போகிறேன் என்றார்.

கூரை போனது. உடம்பைத் தரையோடு தரையாக இறக்கினார். அகலச் சக்கரம் மாட்டினார். தகரத்தைத் தட்டித் தட்டி முன்பக்கத்தை மீன் மூக்கு மாதிரி வளைத்தார். கையால் தடவினால் எங்கேயும் தட்டாது. யாரும் இல்லாத நேரம் நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

"இன்னா மாமா, படுத்துக்கினே ஓடுமா இது? அடியில கோழிகூட பூராது போலக்குது" என்று கிண்டல் செய்வார்கள்.

"கோழி ஏன் அடியில பூரணும்? மேல ஏறி ஒக்காரச் சொல்லு" என்பார் இவர்.

பாதி வேலையில் கண் கெட்டது. வெல்டிங் வெளிச்சத்தை இனிமேல் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரேக் இணைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை. முடிக்கிறவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். வந்தவர்களுக்கெல்லாம் இன்ஜின்தான் வேண்டியிருந்தது, கிணற்றில் தண்ணீர் இறைக்க. இவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியில் வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்தார். கார் பைத்தியம் என்று கேள்வி. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முழுசா எடுத்துக்கிறேன் மேஸ்திரி. ஆனா கீழ போனதும் பிரிச்சிடுவேன். இன்ஜின் என் வண்டிக்கு, தகரம் காயலான் கடைக்கு" என்றார்.

மறைத்து வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்திருக்கலாம், அந்த மனுஷன் மறைக்கவில்லை. மழையில் நனைந்து துருப்பிடிப்பதற்கு இது மேல் என்று இவர் நினைத்தாரோ என்னவோ, "சரி பாய்" என்றார். அன்று இவர் சோறு சாப்பிடவில்லை.

எடுத்துப்போக வந்த லாரி, எங்கள் வீட்டுக்குக் கீழே ரோடு இறங்கித் திரும்புகிற வளைவுக்கு அந்தப் பக்கம், மேட்டில் நின்றது. வளைவு தாண்டி எங்கள் பக்கத்து ஏற்றத்தில் அது ஏறாது. அதனால் என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், தன் மாடுகளைக் கட்டிக் காரை ரோடு வரைக்கும் இழுத்தார். ஸ்டியரிங் பிடிக்கப் பாய் உள்ளே உட்கார்ந்தார். இவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

எங்கள் மலையில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிப்போக வேண்டும். கயிறு போனால் மாட்டுப் பட்டியே போய்விடும் என்று பயம். ரோட்டுக்கு வந்ததும் மூத்தார் மாடுகளை ஓரமாக நிறுத்தினார். "பாய், உங்க கவுறு எடுத்தாங்க, நம்ம கவுறு குடுக்கற வயக்கம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

மூத்தார் எதிரில் நான் வாய் திறந்து பேசினவளே இல்லை. அன்றைக்கு, "பிரேக்கு இல்ல! பிரேக்கு இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அதற்குள் கார் இறக்கத்தில் உருண்டது. இவர் கல்லைப் போட்டுவிட்டு ஓடினார், பின்னால் நாங்கள் எல்லோரும். "யா அல்லா!" என்று பாய் கூப்பிட்டது கேட்டது. அந்த வளைவில் எத்தனையோ வண்டிகள் சாய்ந்திருக்கின்றன. இது சாயவில்லை. ரோட்டோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் திரும்புகிற மாதிரி திரும்பியது. இன்ஜின் சத்தம்கூட இல்லை, காற்றுச் சத்தம்தான். உயிர் போகிற பயத்திலும் எனக்கு அழகாக இருந்தது. வளைவு தாண்டி மேடேறி, லாரிக்குக் கொஞ்சம் முன்னால் தானாக நின்றது. பின்னால் உருளுமுன் லாரிக்காரர் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டார்.

பாய் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"மன்னிச்சுக்கோ பாய்" என்றார் மூத்தார், கயிறும் கையுமாக.

பாய் அவரைப் பார்க்கவே இல்லை. "மேஸ்திரி, கொஞ்சம்கூட சாயலியே!"

இவருக்கு மூச்சு வாங்கியது. "சாயக்கூடாதுன்னுதான பாய் அவ்ளோ கீழ எறக்கனேன்."

"இத்தப் போயி காயலான் கடையில போடறேன்னு சொன்ன என் நாக்க அறுக்கணும்." அப்புறம்தான் இறங்கினார். "உனக்குக் கண்ணுதான சரியில்ல, வாய் நல்லாத்தான இருக்குது? வெல்டிங் அடிக்க நம்ம ஆளுங்க இருக்காங்க. நீ ஒக்காந்து சொல்லு, போதும். முடிச்சிடலாம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். காரை ஏற்றிக் கட்டியதும், சட்டைகூட மாற்றாமல் இவரும் லாரியில் ஏறி, பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல இன்னா வேல மேஸ்திரி? பெயின்ட்டா, சீட்டா?"

"பிரேக்கு" என்றார் இவர்.