கால்வாய் மீன்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில், எண்பதுகளின் கடைசியில், நான் ஓவிய ஆசிரியை. இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் போதும், வகுப்பே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்று வரைந்து நீட்டும். அம்பத்தூரில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாளாளருக்கோ அந்த மலைகள்தான் உயிர். "கண்காட்சிய பாத்து பேரண்ட்ஸ் சந்தோஷப்படணும் டீச்சர். இல்லேன்னா அடுத்த வருஷம் டிராயிங்க எடுத்துட்டு கணக்கு போட்டுடலாம்" என்றார். டிராயிங் போனால் நானும் போக வேண்டியதுதான். ஆனாலும் வீம்பு விடவில்லை. இந்தப் பிள்ளைகள் தாங்கள் வாழும் இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

ஐந்தாம் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த கால்வாய்க்கரைக்கு அழைத்துப் போனேன். பூவரச இலையைத் தாளுக்கு அடியில் வைத்து மேலே கிரேயானைத் தேய்த்தார்கள். நரம்புகள் எழுந்து வந்ததும் ஒரே கூச்சல். செம்பருத்தியைக் கசக்கிச் சாயம் எடுத்து விரல்களால் பூசினார்கள். இப்போது தண்ணீரையும் அதில் இருப்பதையும் வரையுங்கள் என்றேன். மலையை மறந்துவிட்டார்கள் என்று மனசு குளிர்ந்துபோனது.

கண்காட்சிக்கு முந்தின நாள் படங்களைச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர் ஊதா, அதன்மேல் சோப்பு நுரை. தொழிற்சாலைக் கழிவு கலந்து அது அப்படித்தான் ஓடியது. ஆனால் மீன்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எல்லாப் படத்திலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தன.

தாளாளர் பார்த்துவிட்டுக் கத்தினார். "பாக்க வர்றதுல பாதிப்பேரு கம்பெனி ஆளுங்க! காலையில அந்த மீனையெல்லாம் திருப்பிப் போடச் சொல்லுங்க, இல்ல நீங்க கிளம்புங்க."

காலையில், கால்வாய் ஓரக் குடிசையிலிருந்து வரும் மாணவி ஒருத்தியிடம் ரப்பரைக் கொடுத்தேன். நான் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "மீனை நேராக்கிடு கண்ணு."

"நேராத்தான் கீது டீச்சர். மீனு இப்டித்தானே மெதக்கும்?"

"உயிரோட நீந்துறப்ப எப்படி இருக்கும்?"

அவள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு என்னை. "தெரியாது டீச்சர். பாத்ததில்ல."

அவள் சோகத்தை வரையவில்லை. மீனை வரைந்திருக்கிறாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் இலை, பூ என்று எதைக் காட்டிக்கொண்டிருந்தேன்? ரப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். படங்கள் அப்படியே சுவரில் இருந்தன. தாளாளர் முறைத்துவிட்டு, கண்காட்சி முடியட்டும் என்று போய்விட்டார்.

சாயங்காலம் பெற்றோர் வந்தார்கள். ஒருவராவது அதிர்ந்துபோய் நிற்பார், ஒருவராவது கேட்பார் என்று வாசலிலேயே காத்திருந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கத்துக்குடுத்துக்கினு கீறீங்க டீச்சர். மீனு அப்டியே கீது!"