நான்தான் இயக்கம்

1. ஜிந்துப்பிட்டி அக்கா தன் நாடகத்துக்கான சுவரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வெள்ளவத்தையில் பஸ் ஏறினார்.
2. சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சுவரொட்டியை விரிக்கச் சொன்னார்கள்.
3. கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் கடைசி வரியில் விரலை வைத்து, "இது யார்?" என்றார்.
4. அக்கா பெருமையோடு, "நான்தான் சேர் இயக்கம்" என்றார்.
5. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

இந்த யுத்தகாலக் கொழும்பில் இயக்கம் என்றால் துப்பாக்கி தூக்கியவர்கள். அதனால் நாடகத்துக்கு, வடக்கிலிருந்து வந்த நாங்கள் 'நெறியாள்கை' என்றுதான் போடுவோம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த அக்காவோ இந்தியப் படங்களில் பார்த்த சொல்லைப் போட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் கலை நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தோம். நான் ஒலி, ஒளிப் பக்கத்திலிருந்து வந்தவள். அக்கா கோயில் திருவிழா நாடகங்களுக்கு மேடை, அனுமதி, வாடகைக் கதிரை எல்லாம் ஒழுங்கு செய்து பழகியவர். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. புள்ளிக்காக எழுதிக் கொடுக்கும் ஒப்படைகளைத் தமிழிலும் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அவற்றை வாசிக்கத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் பாடநெறி இணைப்பாளர் ஒரு சிங்களப் பெண்மணி. மெடம் என்போம். அக்காவின் நாடகமும் பாடநெறிக்கான வேலைதான் என்பதால், சுவரொட்டியின் நிறங்களை ரசித்துவிட்டு அதன் மூலையில் அனுமதி முத்திரையை அவர்தான் குத்தியிருந்தார்.

செய்தி கிடைத்ததும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு மெடம் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, நீயாவது சொல்லு. படத்துல பேர் போடுறப்ப கடைசியா வருமே, அந்த இயக்கம்னு!"

"அக்கா, அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதேங்கோ."

"வேற எப்புடித்தான் சொல்றது?"

பொறுப்பதிகாரி முத்திரையைக் காட்டி மெடத்திடம் சிங்களத்தில் கேட்டார்: "வாசித்துவிட்டுத்தானே குத்தினீர்கள்?"

ஆம் என்று மெடம் சொல்லிவிட்டால் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன். மெடம் அப்படிச் சொல்லவில்லை. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்காமல்தான் குத்தினேன். பிழை என்றால் முதலில் என் பெயரை எழுதுங்கள். நாடகத்தை நடத்துகிறவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று இந்தப் பிள்ளை இப்போதுதான் எனக்குச் சொன்னாள்" என்றார். அதிகாரி பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு மெடத்தின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, சுவரொட்டியைத் திருப்பித் தந்து அக்காவை விட்டார்.

திரும்பும்போது ஓட்டோவில் மெடம் சுவரொட்டியை மடியில் விரித்து, என்னைக் கேட்டுக் கேட்டு எழுத்துக்கூட்டினார். "இ... யக்... கம்."

அக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "மெடம் சொன்னா ஒண்ணுமில்ல. நாங்க சொன்னாத்தான் பஸ் போயிரும்." நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மெடம் சிரிக்கவில்லை. சுவரொட்டியைக் கவனமாகச் சுருட்டி அக்காவின் கையில் கொடுத்தார்.

நாடகம் நடந்தது. புதிய சுவரொட்டியில் நெறியாள்கை என்று இருந்தது. "வாயில நிக்காத சொல்லு" என்று அக்கா இன்றும் முணுமுணுக்கிறார். அக்கா என்னிடமே தந்துவிட்ட பழையது, இயக்கத்தின் கீழே பொலிஸ் பேனா போட்ட நீலக் கோட்டோடு, என் அலுமாரியில் சுருண்டு கிடக்கிறது. யுத்தம் முடியவில்லை. தமிழ் ஒப்படைகளை இப்போது மெடம் எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே முத்திரை குத்துகிறார். அவர் கேட்டுப் பெற்ற தமிழ் விரிவுரையாளர் பதவி இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.